முத்திருளாண்டி வரைந்த முகம்

இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்த போலீஸ் நோட்டீஸ் முன்னால் முத்திருளாண்டி அண்ணன் நின்றுகொண்டிருந்தார். முதுகுளத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர், கையில் இருந்த தகரப் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்து இளைத்த உடம்பு. சட்டை தோளில் நிற்காமல் சரிந்துகொண்டிருந்தது.

எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிளாஸை வைத்துவிட்டு அருகில் போனேன்.

அது அடையாளம் தெரியாத பிரேதம் பற்றிய நோட்டீஸ். எங்கள் அச்சகத்தில்தான் அடித்தது. நடுவில் ஒரு வாலிபன் முகம். அதை வரைந்தவர் அவர். வெயிலில் தாள் பழுத்து, ஒரு மூலையை ஆடு தின்றிருந்தது.

"தம்பி, மச்சத்தக் காணோமே" என்றார்.

"எந்த மச்சம்?"

"வலது காதுக்கு முன்னால. மெளகு தண்டி இருக்கும். நான் போட்டேனே."

நான் என்ன செய்திருந்தேன் என்பது அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒரு வாசகர் கேட்ட கேள்வி

அச்சகத்து நாட்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்த பிறகு பரமக்குடியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். சின்ன வயதில் 'கொண்டல் ராசா' சித்திரக்கதைக்காக மாதாமாதம் காத்துக்கிடந்தவராம். 'அந்த வீரனைப் போல நிஜத்தில் யாராவது இருந்தார்களா, அவனைப் படைத்தவர் என்ன ஆனார்?' என்று கேட்டிருந்தார்.

கடிதத்தை மூன்று வாரமாக மேஜையில் வைத்துக்கொண்டு வேறு வேறு கதைகளை எழுதிச் சமாளித்தேன். போன வாரம் எழுதியது ஒரு காகிதக் கட்டைப் பற்றி. இனி சமாளிக்க முடியாது.

கொண்டல் ராசாவைப் படைத்தவர்கள் இரண்டு பேர். கதையையும் வசனத்தையும் எழுதியவன் நான். வரைந்தவர் முத்திருளாண்டி. எழுபதுகளின் கடைசியில் எங்கள் முதலாளி இராமநாதபுரத்தில் ஒரு சின்ன அச்சகத்தை வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகைக்கும் கோயில் நோட்டீசுக்கும் நடுவே அந்தச் சித்திரக்கதையை மாத இதழாகப் போட்டார். பாம்பன் கரையில் பிறந்து, சுறாவை வெறுங்கையால் மடக்கி, கள்ளக்கடத்தல்காரர்களைத் தோணியோடு கவிழ்க்கும் வீரன் கொண்டல் ராசா. பயம் என்பதே தெரியாதவன்.

அவனை வரைந்தவருக்குக் கடலைக் கண்டாலே பயம். நான் மிகைப்படுத்தவில்லை. முதுகுளத்தூருக்குத் தெற்கே வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். அவர் பார்த்த பெரிய தண்ணீர் ஊர்க் கண்மாய்தான், அதுவும் வருஷத்தில் ஆறு மாதம் வறண்டு கிடக்கும். பாம்பனுக்கு ரயிலில் போனால் பாலம் தொடங்கும் முன்பே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். "தாண்டிருச்சா தம்பி, தாண்டிருச்சா" என்று கேட்டுக்கொண்டே வருவார். நான் வேண்டுமென்றே "இன்னும் பாதிகூட வரலண்ணே" என்பேன்.

பயம், சந்தேகம், ஆமை வேகம், சொன்ன பேச்சைக் கேட்காத பிடிவாதம். இந்த நான்கையும் வைத்து ஒரு வீரனை எழுதிக் கொடு என்று யாராவது அன்றைக்கு என்னிடம் கேட்டிருந்தால், ஆளை விடு என்று சொல்லியிருப்பேன்.

ஆட்டுக் காது

அவர் படம் போடக் கற்றுக்கொண்டது ஆட்டுக் காதில். அவர்கள் பக்கம் ஆடுகளுக்கு அடையாளமாகக் காதில் வெட்டு வைப்பார்கள். ஒரு வீட்டுக்கு வலது காது நுனி, இன்னொரு வீட்டுக்கு இடது காதில் பிளவு, மற்றொன்றுக்கு இரண்டு பல் போல வெட்டு. மேய்ச்சலில் கலந்துபோன ஆடு யாருடையது என்று சண்டை வந்தால் காதைத்தான் பார்ப்பார்கள்.

பள்ளிக்கூடம் போகும்போது தன் சிலேட்டில் ஊரிலுள்ள அத்தனை வீட்டு ஆட்டுக் காதுகளையும் வரைந்து வைத்திருப்பாராம். ஒருமுறை அவருடைய அய்யாவே இன்னொருவர் வீட்டுக் குட்டியைத் தெரியாமல் தொழுவத்தில் அடைத்துவிட்டார். இவர் சிலேட்டை எடுத்துக் கொண்டுபோய், நாலு பேர் முன்னால் காட்டி, குட்டியை அவிழ்த்து விட்டிருக்கிறார். அய்யா முதுகுத்தோலை உரித்துவிட்டார்.

"அடி வாங்குனது சரிதான். ஆனா அந்தக் காது நம்ம காது இல்லயே" என்று முப்பது வயதுக்கு மேலும் அதே கதையை அதே முகத்தோடு சொல்லுவார்.

சித்திரக்கதை வரைய இந்தக் குணம் பெரிய தொல்லை. கொண்டல் ராசா பாய்மரக் கயிற்றை இழுக்கிறான் என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், எந்தக் கயிறு, எந்தப் பக்கம் கட்டியிருக்கும், கை எப்படி மடங்கும் என்று பாம்பனுக்குக் கிளம்பிவிடுவார். கரையில் தண்ணீர் காலில் படாத தூரத்தில் நின்றுகொண்டு, கிழிந்த வலை பொத்துகிறவர்களைக் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார். இதழ் பத்து நாள் தாமதமாகும். முதலாளி என்னைத் திட்டுவார்.

ஒரு தடவை புயலில் போகும் கொண்டல் ராசாவைத் தோணியின் ஓரத்தில் வாந்தி எடுப்பதாக வரைந்துவிட்டார். முதலாளி தாளைத் தூக்கி எறிந்தார்.

"வாந்தி எடுக்குறவன் எப்பிடிய்யா வீரன்?"

"பெரிய காத்துல எல்லாருக்கும் வருமாம் முதலாளி. பாம்பன்ல கேட்டுட்டுத்தான் போட்டேன். வாந்தி எடுத்துட்டு மறுபடி கயித்தப் பிடிச்சிருவாகளாம்."

அந்த வாந்தியை நான்தான் அழித்தேன். அதுதான் என் வேலை.

வெள்ளை மை

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் படத்தை அப்படியே அச்சடிக்க முடியாது. கறுப்பு மையில் வரைந்த தாளை மதுரைக்கு அனுப்பி, உலோகத் தகட்டில் பிளாக் எடுத்து வரவேண்டும். தாளில் இருக்கும் ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் பிளாக்கில் வந்துவிடும். அதனால் அனுப்புவதற்கு முன் வேண்டாத மைத்தெறிப்புகளை வெள்ளை மையால் மூடிவிடுவோம்.

முத்திருளாண்டி அண்ணனின் பேனா தெறிக்காமல் ஒரு பக்கம் முடியாது. தொட்டு எழுதும் நிப்பை அவ்வளவு அழுத்துவார். வானத்தில், முகத்தில், வசனம் எழுத விட்ட இடத்தில் எல்லாம் பொட்டு பொட்டாக இருக்கும். சின்னத் தூரிகையை வைத்துக்கொண்டு நான் ஒவ்வொன்றாக மூடுவேன். மாதக் கணக்கில் செய்து செய்து, கண் ஒன்றைப் பார்ப்பதற்குள் கை அதை மூடிவிடும் அளவுக்குப் பழகிப்போயிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அவர் அழுக்காக்குகிறார், நான் துடைக்கிறேன் என்று ஒரு நினைப்பு.

ஒரு மாதம் அடிவானத்தில் இருந்த ஒரு பொட்டை மூடிவிட்டேன். புத்தகம் வந்த பிறகு பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

"தம்பி, அது பொட்டு இல்ல. தூரத்துல வார மீன்பிடி வல்லம். அதப் பாத்துட்டுத்தான ராசா இந்தப் பக்கம் திரும்புறான்."

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"ஒரு வார்த்த கேட்டுட்டு அழிக்கலாம்ல."

சரி என்றேன். இரண்டு மாதம் கேட்டேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

மூன்றாவது ஆள்

அந்த ஐப்பசியில் அடித்த காற்றில் பாம்பனிலிருந்து போன ஒரு வல்லம் கவிழ்ந்தது. அதில் மூன்று பேர். இரண்டு பேர் பாம்பன்காரர்கள், உடல் கிடைத்து வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் அன்று காலைதான் கரையில் வேலை கேட்டு ஏறியவன். அவன் யார் என்று சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை. இரண்டு நாள் கழித்து மண்டபத்துக்குத் தெற்கே அவன் உடல் ஒதுங்கியது. முஸ்லிம் என்பது மட்டும் தெரிந்தது.

ஏட்டு ஒருவர் எங்கள் அச்சகத்துக்கு வந்தார். "இங்கன படம் போடுற ஆளு யாரு?" என்று கேட்டார்.

ஸ்டூடியோக்காரரைக் கூட்டிப்போனாராம். அவர் பார்த்துவிட்டு, கேமராப் பெட்டியைத் திறக்காமலே திரும்பிவிட்டார். ஒரு பக்கக் கன்னத்தை மீன் கடித்திருந்தது. போட்டோ எடுத்தாலும் ஊரில் ஒட்ட முடியாது. உயிரோடு இருந்தால் எப்படி இருப்பானோ அப்படி ஒரு முகம் வேண்டும், சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்தாக வேண்டும் என்றார்.

முத்திருளாண்டி அண்ணன் முடியாது என்பார் என்றுதான் நினைத்தேன். கோழி அறுப்பதைப் பார்த்தால் அன்று சாப்பிட மாட்டார். அவர் ஏட்டிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அந்த ஆளு வீட்ல தேடுவாகள்ல?"

"தேடத்தான்யா செய்வாக."

பலகையையும் மைப்புட்டியையும் எடுத்துக்கொண்டார். என்னையும் கூப்பிட்டார். எனக்கு வயிற்றுவலி என்றேன். வலி ஒன்றும் இல்லை.

அங்கே நடந்ததைப் பிறகு ஏட்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும். "மூணு தடவ வாந்தி எடுத்தாருய்யா உங்க ஆளு. வாயத் தொடச்சிட்டு வந்து மறுபடி உக்காந்துட்டாரு. தலையத் திருப்பச் சொல்றாரு, காதப் பாக்கணுங்கிறாரு. எனக்கே நிக்க முடியல, வேப்பமரத்துப் பக்கம் போயிட்டேன். ரெண்டு மணி நேரம்." அந்த ஊர் ஜமாஅத்தார் அவர் எழுந்திருக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு உடலைக் குளிப்பாட்டி, தொழுகை நடத்தி, பேர் தெரியாத ஆளாக அடக்கம் செய்தார்கள்.

மாலையில் அச்சகத்துக்கு வந்தார். சட்டையைக் கழற்றி அலசி, ஈரத்தோடு போட்டிருந்தார். படத்தை என் மேஜையில் வைத்தார். "இன்னும் காயல. பாத்துத் தொடு" என்றார். பல் கிட்டிக்கொண்டிருந்தது. அப்படியே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். போனவர் ஒரு மாதம் காய்ச்சலில் விழுந்தார்.

மதுரைக்குப் பிளாக் எடுக்க அனுப்ப வேண்டும், தாளைக் கொண்டுபோகும் பஸ் கண்டக்டர் வெளியில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் தூரிகையை எடுத்தேன். நெற்றியில் ஒரு தெறிப்பு, கழுத்தில் இரண்டு, காதுக்கு முன்னால் ஒன்று. நான்கையும் மூடினேன்.

நோட்டீஸ் வாசகத்தை ஏட்டு எழுதிக் கொடுத்திருந்தார். சுமார் இருபத்தைந்து வயது, நீலக் கட்டம் போட்ட கைலி, கை வைத்த பனியன். அடையாளம் என்ற இடத்தில், படம்தான் இருக்கிறதே என்று, 'படத்தில் காண்க' என்று மட்டும் எழுதியிருந்தார். அதையும் என் கையால்தான் எழுத்து எழுத்தாகக் கோத்தேன்.

பிளேடு

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் நேரே அச்சகத்துக்கு வந்தார். பின்னாலேயே நான் வந்தேன். "பிளாக் போட்டவன் விட்டிருப்பாண்ணே" என்று வழியிலேயே சொல்லிவிட்டேன்.

மதுரையிலிருந்து திரும்பி வந்த தாளை அலமாரியிலிருந்து எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். காதுக்கு முன்னால் வெள்ளை மை திட்டாக இருந்தது. பிளேடை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுரண்டினார். அடியிலிருந்து மச்சம் வந்தது.

என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். தாளை அட்டைக்குள் வைத்து, அட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே போனார்.

ஏட்டிடம் போய், மறுபடி நோட்டீஸ் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மேலே எழுதிக் கேட்க வேண்டும், பழைய விஷயம், பார்க்கலாம் என்றார்களாம். அவர் காத்திருக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் வேலைக்கு வராமல், அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கரையோர ஊர்களுக்குப் போக ஆரம்பித்தார். தேவிபட்டினம், வேதாளை, மண்டபம் என்று ஒவ்வொரு ஊராக, டீக்கடையில், பள்ளிவாசல் வாசலில், மீன் ஏலம் போடும் இடத்தில் காட்டுவார். மழை முடிந்து, மிளகாய் அறுவடையும் முடிந்து, வெயில் வந்துவிட்டது. கொண்டல் ராசா இரண்டு மாதம் வரவில்லை. முதலாளி கத்தினார். "அந்த வேலைய முடிச்சிட்டு வாரேன் முதலாளி" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை, "பெரியபட்டினம் போறேன். கூட வாரியா தம்பி?" என்றார். அப்போதும் வயிற்றுவலி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. போனேன்.

பெரியபட்டினம்

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் படத்தைப் பார்த்தார். கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு, "இது செய்யதுல்ல" என்றார். கடையை விட்டிறங்கி எங்களை அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

போகிற வழியிலேயே அவர் சொல்லிக் கதை தெரிந்துவிட்டது. செய்யது வீட்டில் ஏதோ கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனவன். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. கொழும்புக்குத் தோணி ஏறிவிட்டான், அங்கே வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்று ஊர் பேசியது. இருக்கப் பிடிக்காமல் ஓடிவிட்டான் என்று பழி அவன் மனைவி மரியம் பீவிமேல் விழுந்தது. மாமியாரும் அவளும் ஒரே வீட்டில் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

செய்யதுவின் மூத்த அண்ணன் வாசலுக்கு வந்து படத்தை வாங்கினார். பார்த்த வேகத்தில் திரும்பி நடந்தார். உள்ளே எடுத்துப்போனார். பிறகு மரியம் பீவி, இருபது வயதுதான் இருக்கும், வெளியாள் நிற்கிறார்கள் என்பதையும் பார்க்காமல் தாளோடு வாசலுக்கு வந்தாள். மச்சத்தின் மேல் விரலை வைத்திருந்தாள்.

"அந்த நோட்டீஸ நானும் பாத்தேன்" என்றாள். "அவுக அண்ணன் காக்காதான் வீட்டுக்குக் கொண்டாந்து காட்டுனாக. மூஞ்சி அவுக மாதிரியே இருந்துச்சு. மச்சம் இல்ல. நான்தான் சொன்னேன், இது அவுக இல்லன்னு. என் வாயால நான்தான் சொன்னேன்."

நோட்டீஸைப் பார்த்த அன்று மாமியார், பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று ஏழைகளுக்கு நெய்ச்சோறு ஆக்கிப் போட்டிருக்கிறார்.

செய்யதுவின் அண்ணன் வெளியே வந்து முத்திருளாண்டி அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "இத யாருய்யா விட்டது? நோட்டீஸ்ல ஏன் இல்ல?"

நான் இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

"நான்தான்" என்றார் முத்திருளாண்டி அண்ணன். "மொதல்ல போட விட்டுப்போச்சு. பொறகு நெனவு வந்துதான் போட்டேன்."

எனக்குத் தெரிந்து அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைச் சொல்லும்போது சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. செய்யதுவின் உம்மா உள்ளேயிருந்து, "விடுடா, விட்டுரு" என்று அழுத பிறகுதான் அந்தக் கை இறங்கியது.

மார்க்கம் படித்த ஆலிம்சாவைக் கூட்டிவந்தார்கள். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் அலங்காரம் இல்லாமல் வீட்டிலேயே இருக்க வேண்டும். அதை இத்தா என்பார்கள். மரியம் பீவி கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, இன்றிலிருந்து இருக்கலாமா என்று கேட்டாள். ஆலிம்சா உடல் ஒதுங்கிய நாளைக் கேட்டு, விரலில் எண்ணிப் பார்த்தார்.

"மௌத்தான நாள்லருந்துதாம்மா கணக்கு. அது எப்பவோ கழிஞ்சிருச்சு. இனி உனக்கு இத்தா இல்ல" என்றார். தயவாகத்தான் சொன்னார்.

"அந்த நாள்ல நான் தங்கச்சி நிக்காஹ்ல பூ வச்சுப் பட்டு உடுத்தி நின்னேனே" என்றாள் அவள். அவள் அழுததாக எனக்கு நினைவில்லை. ஆண்கள் மண்டபத்துக் கரையில் செய்யதுவை அடக்கம் செய்த கபுரைப் பார்க்கக் கிளம்பினார்கள். எங்களை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில், "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"படத்துக்குக் கீழ என் பேருதான போட்டிருக்கு."

"அழிச்சது நானாச்சே."

"எவன் கையா இருந்தா என்ன. பேரு என்னது." பாதி வழி தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "இனிமே என் படத்த நீ தொடாத தம்பி" என்றார்.

அவ்வளவுதான் அவர் என்னைத் தண்டித்தது.

இரண்டு வீரர்கள்

அந்த மாதமே சித்திரக்கதையிலிருந்து விலகிவிட்டார். கோபமெல்லாம் இல்லை. முகம் என்றால் இனி ஒழுங்காகப் போட வேண்டும், கதைக்காரனுக்காகப் போட வராது என்றார். கொண்டல் ராசாவை மதுரையிலிருந்து வேறொருவர் வரைந்தார். மார்பு அகலமானது, தோள் புடைத்தது, இதழ் நன்றாக விற்றது. பரமக்குடி வாசகர் காத்துக்கிடந்தது இந்த ராசாவுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

முத்திருளாண்டி அண்ணன் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தார். கரையில் பிரேதம் ஒதுங்கினால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். எழுதிக்கொண்டிருக்கும் போர்டைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார். அடுத்து வந்த வருஷங்களில் அக்கரையில் சண்டை மூண்டது. இந்தக் கரையில் ஒதுங்குகிறவர்களும் அதிகமானார்கள். மீன்பிடிக்கப் போனவர்கள், தோணியில் அகதியாக வந்தவர்கள் என்று யார் யாரோ. அவர் எல்லோரையும் வரைந்தார். அடையாளங்களை அவரே வாசகமாக எழுதினார். படத்தை அவரே பிளாக்குக்குக் கொண்டுபோனார். அச்சடித்த தாளோடு ஊர் ஊராகவும் அவரே போனார்.

ஒருமுறை ஒரு தீவில் உடல் கிடந்தது. படகில்தான் போக வேண்டும். படகின் அடிப்பலகையில் குப்புறப் படுத்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு போனாராம். திரும்பும்போதும் அப்படியே வந்தாராம். படகுக்காரர்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

சர்க்கரை வியாதியில் கண் போயிற்று. கடைசி இரண்டு வருஷம் ஊரில் இருந்தார். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து இறந்தார். எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

வாசலில்

அவர் போன மூன்றாவது வருஷம் நான் பெரியபட்டினம் போனேன். ஏன் அதற்கு முன்பே போகவில்லை என்று கேட்டால், பயம். அவருடைய பயத்தைப் போன்றதல்ல இது. அவர் பயந்துகொண்டே போகிறவர்.

மரியம் பீவிக்கு ஐம்பது வயதாகியிருந்தது. பிறகு ஒரு மறுமணம் நடந்து, ஒரே மகள். மருமகன் சவுதியில் இருக்கிறாராம். டைல்ஸ் போட்ட வீடு. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அச்சகம், படம் என்று சொன்னதும் முகம் மாறியது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொன்னார்.

நான் சொல்லிவிட்டேன். வெள்ளை மை, தூரிகை, கண்டக்டரின் அவசரம், பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டது எல்லாம். சொல்லும்போது எனக்குப் பாரம் இறங்கிக்கொண்டே வந்தது. அதையும் மறைக்கக் கூடாது. முடிக்கும்போது கிட்டத்தட்ட நிம்மதியாக இருந்தேன்.



"அவரு இந்த ஊருக்குப் பத்துத் தடவையாச்சும் வந்திருப்பாரு" என்றார் மரியம் பீவி. "யாராச்சும் மௌத்தாப் போனவுக படத்த வச்சுக்கிட்டு. எங்க வீட்டு ஆளுக யாரும் முகங்குடுத்துப் பேச மாட்டாக. ஒரு தடவ நல்ல வெயிலு. இந்தா, இந்த வாசல்ல நின்னு தண்ணி கேட்டாரு. நான் கதவச் சாத்திட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்பவும் ஒண்ணுஞ் சொல்லலயே அவரு. இப்ப எங்கன இருக்காரு?"

"இறந்துட்டாரும்மா. மூணு வருஷமாச்சு."

"அப்ப அவரு உசுரோட இருக்கையில நீங்க வந்திருக்கலாமே."



"எங்க அடக்குனாக?" என்று அவரே அடுத்துக் கேட்டார். "நான் வர முடியாட்டியும் மகளை அனுப்புவேன். மருமகன் வந்தா அவரப் போகச் சொல்லுவேன்."

"எரிச்சிட்டாங்கம்மா. சாம்பலச் சேதுக்கரையில கரைச்சிட்டாங்க."

அவர் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். கடல் அந்தத் தெரு முனையிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் எங்கன போயி நின்னு மன்னிக்கச் சொல்றது?" என்றார்.

கதவைச் சாத்தவில்லை. நானாகத்தான் எழுந்து வந்தேன்.